ஹெட்டை இறுக்குவது கடைசி வேலை

தென்னாப்பிரிக்காவில், நேட்டால் வடகரையில் கரும்பு ஆலைகள் ஏப்ரல் வாக்கில் அரைக்கத் தொடங்கினால் டிசம்பர் வரை ஓயாது. அதுவரை டிராக்டருக்கும் ஓய்வு கிடையாது. ஆலை மூடி, புது வருஷம் பிறந்து, தைப்பூசக் காவடியும் முடிந்த பிறகுதான் டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கத்துச் சிறு விவசாயிகள் என் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டு வருவார்கள். வந்ததும் சொல்வது ஒன்றேதான்: "அண்ணே, தண்ணி குடிக்குது. ஹெட்டை நல்லா ஒரு இறுக்கு இறுக்கி விட்டுடுங்க."

ஹெட் என்பது எஞ்சின் சிலிண்டர்களை மேலே மூடுகிற கனத்த மூடி. அதற்கும் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கிற தகடுதான் கேஸ்கெட். புதிதாகக் கேஸ்கெட் போட்டு, இரண்டாவது இறுக்கம் கொடுக்காமல் விட்ட வண்டி என்றால் அந்த இறுக்கு பலிக்கும். பல வருஷம் ஓடிய கேஸ்கெட் ஒரு இடத்தில் எரிந்து போயிருந்தால் பலிக்காது. ஸ்பேனரில் எவ்வளவு நீளமான குழாயைச் செருகி இழுத்தாலும் ஹெட்டைப் பிடிக்கிற மரைக் கம்பியான ஸ்டட்தான் நீளும், இல்லாவிட்டால் பிளாக்கிலிருந்து மரை பிடுங்கிக்கொண்டு வரும். ஹெட் கசியாமல் உட்காருவது பெரும்பாலும் இறுக்கும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இங்கே இறுக்குவதைப் பற்றிக் குறைவாகவும் அதற்கு முந்தைய வேலையைப் பற்றி அதிகமாகவும் சொல்லப்போகிறேன்.

என்னிடம் வருவதில் அதிகம் இரண்டு வகை. ஒன்று மாஸி ஃபெர்குசன் 35, 135. இவற்றில் இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல், 152 கன அங்குலம். 1980களில் கேப் பக்கம் அட்லாண்டிஸில் பெர்கின்ஸ் எஞ்சின்களை உரிமம் வாங்கித் தயாரித்தார்கள். இதற்கு உதிரி பாகம் இன்றும் தட்டுப்பாடு இல்லை. இன்னொன்று சாம்பல் நிறச் சின்ன ஃபெர்குசன், டி.இ.20. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரியில் செய்தது. இந்த நாட்டில் யாரும் அதை ஃபெர்குசன் என்று சொல்வதில்லை, எல்லோருக்கும் அது ஃபால்யாப்பிதான். என்னிடம் வருகிற ஃபால்யாப்பிகளில் இருப்பது ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நான்கு சிலிண்டர் எஞ்சின். பெர்கின்ஸில், பிஸ்டன் ஓடுகிற குழாயான லைனர் பிளாக்குக்குள் இறுக்கமாக அடித்து இறக்கியது, அதைத் தண்ணீர் தொடாது. ஃபால்யாப்பியில் லைனரைச் சுற்றித் தண்ணீரே ஓடும். இந்த வித்தியாசத்தை மறந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முன்

முதலில் கேஸ்கெட்தானா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே குமிழி வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. கேஸ்கெட்டாக இருக்கலாம், ஹெட் வெடித்தும் இருக்கலாம். எஞ்சின் சூடான பிறகு மூடியைத் திறக்க வேண்டாம், முகம் வெந்துவிடும்.

டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் கீழே இறங்குகிறது. ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கடலோரத்து ஈரக் காற்றில், தினமும் பத்து நிமிஷம் மட்டும் ஓட்டி நிறுத்துகிற வண்டியில் அது வரும். ஒரு நாள் முழுக்க உழுதால் போய்விடும். வெளியே எண்ணெய் வடிந்தால் ஹெட்டைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்டுக்கு மேலே வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பேக்கிங்கைத் துடைத்துப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒரே சமயத்தில் பலம் இழந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் உடைந்திருக்கிறது. டீசலில் இதைக் கண்டுபிடிக்க, ஐட்லிங்கில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. கையை அந்த நட்டுக்கு மேலே வைக்காதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது சாதாரணக் காயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

கழற்றும்போது

ஆலை ஓடும் காலத்தில் அவசரத்துக்கு ஹெட்டைத் திறக்க வேண்டி வந்தால், அன்றைக்குப் பக்கத்தில் யாராவது கரும்புக்குத் தீ வைக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கரும்புச் சோகை எரிந்த கரி மைல் கணக்கில் பறந்து வந்து திறந்த சிலிண்டருக்குள் விழும். ஷெட் கதவை மூடினாலும் வரும். ஒரு சுத்தமான துணியும் அதன் மேல் ஒரு தகரமும் தயாராக இருக்கட்டும்.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் ஹெட் நட்டில் கை வைக்க வேண்டும். சூட்டில் தளர்த்தினால் ஹெட் வளையும். ரேடியேட்டர் தண்ணீரை மட்டும் வடித்தால் போதாது, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள குழாயையும் திறந்து வடியுங்கள். அதில் துருச்சேறு அடைத்துத் தண்ணீர் வராது, கம்பியால் குத்தித்தான் வர வைக்க வேண்டும். 135இல் டீசல் டேங்க் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், அதை இறக்காமல் எதுவும் நடக்காது. பைப்புகளைக் கழற்றியதும் பம்பு வாயையும் இன்ஜெக்டர் வாயையும் மூடிவிடுங்கள். வால்வைத் திறக்கத் தள்ளுகிற கம்பிகளான புஷ்ராடுகளை ஒரு அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகச் செருகி வையுங்கள், எது எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

நட்டுகளைத் தளர்த்துவது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. ஒரே மூச்சில் ஒன்றை முழுக்கக் கழற்றாமல், கால் சுற்று கால் சுற்றாக எல்லாவற்றையும் தளர்த்துங்கள். ஹெட் வராமல் அடம் பிடித்தால் பக்கவாட்டில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறல், புதுக் கேஸ்கெட்டிலும் தண்ணீருக்கு வழி விடும். இன்ஜெக்டரை எடுத்த பிறகே ஹெட்டைத் தரையில் வையுங்கள், இல்லாவிட்டால் நுனி நசுங்கும். வார்ப்பிரும்பு ஹெட், கனம் அதிகம், இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள்.

ஃபால்யாப்பியில் ஹெட்டை எடுத்த பிறகு கிராங்கைச் சுற்றாதீர்கள். மேலே ஹெட் இருந்தால்தான் லைனர் அசையாமல் நிற்கும். ஹெட் இல்லாமல் சுற்றினால் பிஸ்டன் ரிங் லைனரையும் சேர்த்து மேலே இழுக்கும். லைனர் அடியில் இருக்கிற எட்டு வடிவப் பேக்கிங் தன் இடத்தை விட்டு அசைந்துவிடும். பிறகு மேலே எவ்வளவு அழகாக ஹெட் போட்டாலும் கீழ்வழியாகத் தண்ணீர் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சுற்றியே தீர வேண்டுமென்றால், சின்னக் குழாய்த் துண்டுகளை ஸ்டட்டில் போட்டு, அடியில் அகலமான வாஷர் லைனர் விளிம்பைப் பிடிக்கிற மாதிரி வைத்து, நட்டுப் போட்டு லேசாக இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள்.

பழைய கேஸ்கெட்டைக் கழற்றியதும் எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே கறுத்திருக்கிறது, எங்கே செம்பு விளிம்பு எரிந்திருக்கிறது என்று அது காட்டிக் கொடுக்கும். ஹெட்டில் எங்கே தேட வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய கேஸ்கெட்டில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். இந்த நாட்டில் 2008இல் தடை வந்தது. அதற்கு முன் போட்டது என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் கம்பி பிரஷ் வைத்த மெஷினால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். எண்ணெயோ தண்ணீரோ விட்டு நனைத்து, கையால் சுரண்டி, ஈரத்தோடே பையில் போட்டுக் கட்டுங்கள். கடை அலமாரியில் பழைய சரக்காகக் கிடக்கும் கேஸ்கெட்டையும் விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

முகம் தட்டையா?

பிளாக் முகத்தையும் ஹெட் முகத்தையும் பளிச்சென்று வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். நான் பழைய பிளேனரின் தட்டையான பிளேடு வைத்திருக்கிறேன். கரடான எமரி டிஸ்க் வேண்டாம், அது சில நிமிஷத்தில் பள்ளம் தோண்டிவிடும். சுரண்டும்போது சிலிண்டருக்குள் துணி அடைத்துவிட்டு, விளிம்பில் கிரீஸ் தடவி வைத்தால் உதிர்கிற தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்கிற நேர்ச்சட்டமும், இடுக்கை அளக்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும். நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டம், இப்படி ஆறேழு இடத்தில் வையுங்கள். சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பாலத்தைத் தனியாகப் பாருங்கள். ஹெட்டில் 0.1 மில்லிமீட்டர் தகடு எங்காவது தாராளமாக நுழைந்தால் நான் மெஷின் ஷாப்புக்கு அனுப்பிவிடுவேன். எஞ்சினின் சர்வீஸ் புத்தகம் நீளவாக்கில் இன்னும் கொஞ்சம் விடலாம் என்று சொல்லலாம், ஆனால் அறுபது வருஷ ஹெட்டில் அந்தச் சலுகை வேண்டாம் என்பது என் கட்சி. முகத்தைச் சீவி, அதாவது ஷேவ் செய்து வந்த ஹெட்டில் இன்ஜெக்டர் நுனி முன்பை விடக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கும், அது எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு அளவு உண்டு. இரண்டு முறை ஷேவ் செய்த ஹெட் என்றால் அதைக் கட்டாயம் அளந்து பாருங்கள். கூடவே வால்வுகளுக்கு நடுவே முடிக் கீறல் மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள். சூடான தண்ணீரில் பிரஷர் டெஸ்ட் செய்தால் குளிர்ந்த நிலையில் மறைந்திருக்கும் வெடிப்பும் தெரியும்.

மிட்லண்ட்ஸ் பக்கம், மூயி ரிவர், நாட்டிங்ஹாம் ரோடு, ஜூன் ஜூலையில் பனி உறையும். கடலோரத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியை வாங்கி அங்கே கொண்டு போனவர்களுக்கு ஒரே இரவில் வெடித்த பிளாக் வாய்த்தது உண்டு. கடலோரத்தில் உறையாது, ஆனால் வெறும் தண்ணீர் இங்கேயும் ஆகாது. கேஸ்கெட் தண்ணீர் ஓட்டையைச் சுற்றி இரும்பைத் துரு தின்று பள்ளமாக்கியிருப்பதைப் பார்த்தால் ஆன்டிஃப்ரீஸ் பனிக்கு மட்டுமில்லை என்று புரியும்.

ஃபால்யாப்பிக்கு இன்னொரு அளவு வேண்டும். லைனர் விளிம்பு பிளாக் முகத்தை விட ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு வரை மேலே நிற்க வேண்டும். அந்த உயரம்தான் கேஸ்கெட்டைக் கடித்துப் பிடிக்கிறது. நான்கு லைனரும் ஒரே உயரத்தில் இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர்தான் அடுத்த வருஷம் ஊதும்.

ஸ்டட்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகிற இடம் இது. டார்க் ரெஞ்ச் காட்டுகிற எண் ஹெட்டை அமுக்குகிற விசை இல்லை. நீங்கள் இழுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பக்கமாக நட்டுக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே செலவாகிவிடும். மீதிதான் ஸ்டட்டை நூலளவு நீட்டி, அந்த நீட்சி ஹெட்டைப் பிடித்து வைக்கிறது. துருப்பிடித்த மரையில் உராய்வு இன்னும் ஏறும். அப்போது ரெஞ்ச் சரியான எண்ணில் கிளிக் என்று சொல்லும், ஆனால் ஹெட்டின் மேல் பாதி அழுத்தம்கூட இருக்காது. பக்கத்து ஸ்டட் சுத்தமாக இருந்தால் அது சரியாக அமுக்கும். ஒரே எண், இரண்டு விதமான பிடி. ஹெட் வளைவதற்கும் கேஸ்கெட் ஒரு பக்கம் எரிவதற்கும் இது ஒன்றே போதும்.

ஆகவே ஒவ்வொரு ஸ்டட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டைக் கையாலேயே அடிவரை சுற்றிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல் இறங்க வேண்டும். நடுவில் எங்காவது இடுப்பு ஒடுங்கியது போல மெலிந்திருந்தாலோ, மரைகளின் இடைவெளி ஒரு இடத்தில் அகன்றிருந்தாலோ அந்த ஸ்டட் நீண்டுவிட்டது, மாற்றுங்கள். கழற்ற, மேலே இரண்டு நட்டை ஒன்றோடு ஒன்று இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் வந்துவிடும்.

ஸ்டட்டை எடுத்த பிறகு பிளாக் முகத்தில் அந்த ஓட்டையைச் சுற்றி விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பல வருஷ இழுப்பில் மேல் மரை எழும்பி, ஓட்டையைச் சுற்றிச் சின்ன மேடாக நிற்கும். கேஸ்கெட்டை அந்த மேடு தூக்கிப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் எவ்வளவு இறுக்கினாலும் படியாது. கவுன்டர்சிங்க் பிட்டால் கையாலேயே லேசாகச் சரித்துவிட்டு, எண்ணெய்க் கல்லால் மட்டம் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து திரும்பத் திரும்பக் கேஸ்கெட் போகிற வண்டிகளில் இந்த மேட்டை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஓட்டைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. ஸ்டட் இறங்கும்போது திரவம் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். கம்ப்ரஸரால் ஊதுங்கள். மின்வெட்டு நேரமாக இருந்தால் மாட்டுக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, துணி சுற்றிய கம்பியால் துடைக்கலாம். சில எஞ்சின்களில் ஸ்டட் ஓட்டை தண்ணீர் அறைக்குள் திறந்திருக்கும். அந்த ஸ்டட்டின் கீழ் மரையில் மட்டும் சீலர் தடவிப் போடுங்கள். வாஷர் கெட்டியான எஃகாக, இரண்டு பக்கமும் தட்டையாக இருக்க வேண்டும். நசுங்கிய வாஷரை மறுபடி போட வேண்டாம்.

கேஸ்கெட்டும் இறுக்கமும்

பழைய ஆட்கள் கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் அலுமினியப் பெயின்ட் அடித்துத்தான் போடுவார்கள். செம்புத் தகடு வைத்த பழைய வகைக்கு மெல்லிய பூச்சு உதவும், அதில் எனக்குச் சண்டை இல்லை. இப்போது வருகிற காம்போசிட் கேஸ்கெட்டைக் காய்ந்தபடியே போடுங்கள். அதில் தேவையான பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. மேலே சிலிகான் பிதுக்கினால் வழுக்கும், மிச்சம் பிதுங்கித் தண்ணீர் ஓட்டையை அடைக்கும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் முன் என்று கேஸ்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். அச்சு இல்லாவிட்டால் தண்ணீர் ஓட்டையும், வால்வை அமுக்குகிற கையான ராக்கருக்கு எண்ணெய் ஏறும் ஓட்டையும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பிளாக்கின் மேல் வைத்துப் பாருங்கள். எண்ணெய் ஓட்டை மூடிப்போனால் ராக்கர் காய்ந்து தேய்ந்துவிடும்.

ஹெட்டை நேராக இறக்குங்கள். மரையிலும் நட்டின் அடி முகத்திலும் சாதாரண எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு போதும். மாலிப்டினம் கிரீஸ், ஆன்டி-சீஸ் பேஸ்ட் எல்லாம் உராய்வை மிகவும் குறைத்துவிடும். அதே எண்ணுக்கு இறுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி நீளும். புத்தகம் எண்ணெய் என்றால் எண்ணெய், அவ்வளவுதான்.

மூன்று சிலிண்டர் பெர்கின்ஸுக்கு ஹெட் நட்டு 60 பவுண்டு-அடி. நியூட்டன்-மீட்டரில் 81, கிலோகிராம்-மீட்டரில் 8.3. இங்கே நாடு மெட்ரிக்குக்கு மாறியது 1970களில், வண்டிகளும் புத்தகங்களும் பாதி அப்படி, பாதி இப்படி. 81 என்று படித்துவிட்டுப் பவுண்டு-அடி ரெஞ்சில் 81 வைத்து இறுக்கியவர்கள் உண்டு. ரெஞ்சில் எந்த அளவுகோல் எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். இந்த எண் இந்த எஞ்சினுக்கு மட்டும்தான். ஃபால்யாப்பிக்கு அதன் புத்தகத்தில் உள்ளதைப் பாருங்கள், ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

வரிசை நடுவிலிருந்து வெளியே, மாறி மாறி இரு பக்கமும். புத்தகத்தில் உள்ள படத்தைப் பெரிதாக அட்டையில் வரைந்து சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஜூலு இளைஞர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் இறுக்குவேன், இறுக்கிய நட்டில் அவர் சாக்பீஸ் கோடு போடுவார். முதல் சுற்று 20, இரண்டாவது 40, மூன்றாவது 60. அதன் பிறகு 60லேயே இன்னொரு சுற்று, ஏனென்றால் பக்கத்து நட்டை இறுக்கும்போது முதலில் இறுக்கியது கொஞ்சம் தளர்ந்திருக்கும். ரெஞ்சை வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். "சரி, இன்னும் ஒரு இழு" என்று கை அரிக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்திப் பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்து எண் பொய் சொல்லும்.

வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள டேப்பெட் இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர் வையுங்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெயும் ஃபில்டரும் புதிதாக மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தண்ணீர் ஊற்றி, கசிவு பார்த்து, டீசல் லைனில் காற்றை எடுத்துவிட்டு ஓட விடுங்கள்.

சூட்டில் இரண்டாவது முறை

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தி, டேப்பெட் கவரைத் திறந்து, சாக்கெட் நேராக உட்காராத நட்டு இருந்தால் ராக்கர் ஷாஃப்டையும் எடுத்துவிட்டு, அதே வரிசையில் மறுபடி 60. நட்டு நகர்ந்தால் எண் வரும்வரை இறுக்குங்கள். நகராமலே கிளிக் வந்தால் அது இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நட்டை மட்டும் 30 முதல் 60 டிகிரி தளர்த்தி, மறுபடி 60க்கு இறுக்குங்கள். ஒரு நட்டை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தளர்த்திவிட்டால் புதுக் கேஸ்கெட் போச்சு. எல்லா நட்டும் முடிந்ததும், தளர்த்தாமல், வரிசையில் முதல் பத்தை மட்டும் இன்னொரு தடவை சரி பார்த்துவிடுங்கள்.

ஹெட் இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால் டேப்பெட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். சூட்டில் 0.25 மில்லிமீட்டர்.

வண்டியைக் கொடுக்கும்போது 25 மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்வேன். மணி மீட்டர் வேலை செய்கிற பழைய டிராக்டர் அபூர்வம், ஆகவே மூன்று நாள் முழு உழவு என்று சொல்லிவிடுகிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏப்ரலில் கரும்பு வெட்டத் தொடங்கியதும் யாரும் வருவதில்லை. அதனால் இப்போது என் பக்கியில் (சின்னப் பிக்கப் வண்டியில்) டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், ஒரு டேப்பெட் கவர் பேக்கிங் எடுத்துப் போட்டுக்கொண்டு நானே அவர்கள் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனால் எஞ்சினும் சூடாக இருக்கும்.